உணவும் கிருமியும் – 9: கொஞ்சம் காற்றில் வாழும் சுருள் கிருமி

பெல்ஜியத்தின் எல்லெசெல் கிராமத்தில் 1895 டிசம்பரில் ஓர் இறுதிச் சடங்குக்கு வாசிக்கப் போன வாத்தியக்காரர்கள் உப்புநீரில் ஊறிய பன்றித்தொடைக் கறியைத் தின்று நோயில் விழுந்ததையும், அந்தக் கறியிலிருந்தே பொட்டுலிசக் கிருமியை எமில் வான் எர்மெங்கெம் பிரித்தெடுத்ததையும் சென்ற இதழில் பார்த்தோம். ஆக்சிஜன் பட்டால் ஒடுங்கிப்போகும் உயிர்கள் உலகில் உண்டு என்பதை லூயி பாஸ்தர் 1861இலேயே காட்டியிருந்தார். அந்தப் பாடத்தைக் கற்றிருந்ததால் வான் எர்மெங்கெம் காற்றை அறவே விலக்கிவிட்டுத் தேடினார், கிருமி அகப்பட்டது. இந்த இதழில் வரும் கிருமியைப் பிடிப்பது அதைவிடக் கடினம். காற்றை முழுவதும் விலக்கினாலும் அது வளராது. முழுவதும் விட்டாலும் வளராது. கோழிக்கறியோடு பெரிதும் பிணைந்த காம்பிலோபாக்டர்தான் அது.

இந்தச் சுருள் கிருமி சுவாசிக்க ஆக்சிஜன் வேண்டும். ஆனால் நாம் இழுக்கும் காற்றிலுள்ள 21 விழுக்காடு அதற்கு மிகை. கறிக்கு உப்பைப் போல, குறைந்தாலும் ஆகாது, கூடினாலும் ஆகாது. ஏறத்தாழ 5 விழுக்காடு ஆக்சிஜன், 10 விழுக்காடு கரியமில வாயு, மீதி நைட்ரஜன் என்ற கலவையில் அது செழிக்கிறது. நம் உடலின் 37 டிகிரியில் வளரும் என்றாலும், கோழியின் உடல் வெப்பத்தை ஒட்டிய 42 டிகிரியே அதற்கு உவப்பு. 30 டிகிரிக்குக் கீழே பெருகுவதில்லை. பெரும்பாலான குடற்கிருமிகளைப் போலச் சர்க்கரையைப் புளிக்கவைப்பதும் இல்லை. இனி, வயிற்றுப்போக்குக்குக் காரணம் தேட 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் ஆய்வகங்கள் கைக்கொண்ட வழக்கத்தை எண்ணிப் பாருங்கள். மலத்தைத் தட்டில் தீற்றி, சாதாரணக் காற்றில் 37 டிகிரியில் ஓர் இரவு வைத்து, மறுநாள் எந்தக் கிருமி எந்தச் சர்க்கரையைப் புளிக்கவைக்கிறது என்று பார்த்தார்கள். சால்மொனெல்லாவையும் ஷிகெல்லாவையும் பிடிக்க மிகவும் ஏற்ற இந்த வழக்கத்தின் ஒவ்வொரு படியிலும் காம்பிலோபாக்டர் தவறிப்போகும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2005 முதல், விலங்குகளிலிருந்து உணவு வழியாக மனிதருக்கு வரும் நோய்களில் மிக அதிகமாகப் பதிவாவது இக்கிருமியால் வருவதுதான். ஆனால் 1970க்கு முந்தைய மருத்துவர் ஒருவர், வயிற்றுப்போக்கின் காரணங்களை வரிசையாகச் சொல்லும்போது இதன் பெயரை அநேகமாகச் சொல்லியிருக்கமாட்டார். இந்த வேறுபாட்டில் பெரும்பங்கு, தேடும் முறை மாறியதால் வந்தது என்பது என் வாதம். ஒரு கிருமி எவ்வளவு பரவியிருக்கிறது என்று ஒரு காலம் நம்புவதை, அந்தக் காலத்து ஆய்வகம் தன் தட்டுகளை எந்தக் காற்றில், எந்த வெப்பத்தில், எந்த மருந்து கலந்து வைத்தது என்பதே வரையறுக்கிறது. இது வெறும் வரலாற்றுச் செய்தி அன்று. இன்று ஒரு சோதனை அறிக்கையை எப்படி வாசிக்க வேண்டும் என்பதையும் இதுவே நமக்குக் கற்றுத்தருகிறது.

முதல் சான்று மியூனிக்கிலிருந்து வருகிறது. குழந்தை மருத்துவர் தியோடர் எஷெரிக், இன்று தம் பெயரால் வழங்கும் ஈ. கோலையை விவரித்த மறு ஆண்டு, 1886இல், கடும் பேதியில் இறந்த குழந்தைகளின் பெருங்குடலில் சுருள் வடிவக் கிருமிகளை நுண்ணோக்கியில் கண்டு எழுதிவைத்தார். அவற்றைத் திட ஊடகத்தில் வளர்க்க முயன்றார், வளரவில்லை. ராபர்ட் கோக் வகுத்த நெறிப்படி, ஒரு கிருமியைத் தனியே வளர்த்துக் காட்டினால்தான் நோயின் பழியை அதன்மேல் சுமத்த முடியும். வளராத கிருமிக்கு அந்த நெறியில் வழக்கே கிடையாது. ஒரே மனிதர், ஒரே நுண்ணோக்கி, ஒரே குழந்தைகளின் குடல்: சாதாரணக் காற்றில் தழைத்த ஈ. கோலை உலகம் அறிந்த பெயராயிற்று. தழைக்காத சுருள், ஏறத்தாழ நூறாண்டுகள் பழைய இதழ்களின் பக்கங்களில் கவனிப்பாரற்றுக் கிடந்தது. எஷெரிக்கின் கவனத்தில் குறை சொல்ல ஏதுமில்லை. அவர் காலத்துத் தட்டு அந்த உயிருக்கு இடம் தரவில்லை.

அடுத்த அரை நூற்றாண்டில் இக்கிருமிக் குடும்பத்தை அறிந்தவர்கள் கால்நடை மருத்துவர்களே. பிரிட்டனில் ஜான் மக்ஃபேடியன் 1906இல், சினை கலைந்த செம்மறியாடுகளில் இத்தகைய கிருமியைப் பிரித்தெடுத்தார். அமெரிக்காவில் தியோபால்ட் ஸ்மித் கருக்கலைந்த மாடுகளில் அதைக் கண்டார். 1919இல் அதற்கு விப்ரியோ ஃபீட்டஸ் என்று பெயர் சூட்டப்பட்டது. 1931இல் கன்றுகளின் குடல்நோயில் ஒன்றும், 1944இல் பன்றிகளின் பேதியில் ஒன்றும் விவரிக்கப்பட்டன. மனித மருத்துவருக்கு எட்டாதது கால்நடை மருத்துவருக்கு முதலில் எட்டியதற்கு ஒரு காரணம் தெளிவாகத் தெரிகிறது. கலைந்த கருவின் உள்ளுறுப்புகளில் வேறு கிருமிகள் பெரும்பாலும் இருப்பதில்லை. போட்டி இல்லாத இடத்தில், மெதுவாக வளரும் உயிரும் நேரம் எடுத்துக்கொண்டு வெளிப்படுகிறது. மலத்திலோ கோடிக்கணக்கான பிற கிருமிகள் ஒரே இரவில் தட்டை மூடிவிடுகின்றன. ஆகவே இரண்டு தடைகளை ஒருசேரத் தாண்ட வேண்டியிருந்தது: காற்றைச் சரிசெய்ய வேண்டும், கூட்டத்தை விலக்க வேண்டும். ஒன்றை மட்டும் செய்தால் பயனில்லை.

இதை 1938இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் நேர்ந்த சம்பவம் அப்பட்டமாகக் காட்டுகிறது. அருகருகே இருந்த இரண்டு நிறுவனங்களில் வசித்த 350க்கும் மேற்பட்டோர் ஒரே சமயத்தில் வயிற்றுப்போக்கில் விழுந்தனர். பால்தான் காரணம் என்பது விசாரணையில் தெரிந்தது. நோயாளிகளின் மலத்தில் சுருள் கிருமிகள் நுண்ணோக்கியில் தெரிந்தன. சிலருடைய ரத்தத்தை ஊட்டநீர்மத்தில் இட்டபோது அவை வளர்ந்தன. மலத்திலிருந்து வளர்க்கும் முயற்சி மட்டும் தோற்றது. 1946இல் இதைப் பதிப்பித்த லெவி, கட்டுரைத் தலைப்பிலேயே ‘அநேகமாக’ என்று சேர்த்துத்தான் மாட்டுக் கிருமியைக் காரணம் காட்ட முடிந்தது. பின்னர் அட்லாண்டாவின் நோய்க்கட்டுப்பாட்டு மையத்தில் எலிசபெத் கிங், நோயாளிகளின் ரத்தத்திலிருந்து கிடைத்த கிருமிகளைப் பொறுமையாக ஒப்பிட்டு, 42 டிகிரியில் நன்கு வளரும் ஒரு தனிக் கூட்டம் அவற்றுள் இருப்பதை 1957இல் காட்டினார். ரத்தத்தில் கிடைப்பவை சொற்பம் என்றாலும் நோய் அதைவிடப் பரவலாக இருக்கக்கூடும் என்பதையும் உணர்ந்திருந்தார். 1963இல் பாரிசின் பாஸ்தர் நிறுவனத்தைச் சேர்ந்த செபால்டும் வெரோனும், இக்கிருமிகள் சர்க்கரையைப் புளிக்கவைக்காததையும் மரபணுப் பொருளின் கலவை வேறாக இருப்பதையும் கொண்டு, காலரா விப்ரியோவிலிருந்து பிரித்துக் காம்பிலோபாக்டர் என்ற பேரினத்தில் சேர்த்தனர். பெயர் வந்துவிட்டது, மலத்தில் அதைக் காட்டும் வழி மட்டும் வரவில்லை. 1966இல் கிங் மறைந்தபோதும் நிலைமை அதுதான்.

வழி பிரசல்சிலிருந்து பிறந்தது. கால்நடை ஆய்வகத்தில் பழகியிருந்த டெகெய்சரும் மருத்துவர் ஜான்-பால் புட்ஸ்லரும் அவர்களுடைய தோழர்களும், கூட்டத்தை விலக்க மருந்தை மட்டும் நம்பாமல் கிருமியின் உருவத்தையே பயன்படுத்திக்கொண்டார்கள். மலக்கரைசலைச் சுழற்றித் தெளியவைத்து, 0.65 மைக்ரோமீட்டர் துளைகள் கொண்ட சவ்வு வடிகட்டியில் செலுத்தினார்கள். பருத்த குடற்கிருமிகள் பெரும்பாலும் மேலே நின்றுவிட்டன. மெலிந்து, திருகிக்கொண்டு விரையும் சுருள்கள் துளை வழியே கீழே வந்தன. அந்த வடிநீரைத் தக்க ஊடகத்தில் இட்டு, ஆக்சிஜனைக் குறைத்து வைத்தபோது, மனித மலத்திலிருந்து இக்கிருமி முதன்முறையாக வளர்ந்தது. முடிவு 1972இல் வெளியானது. மறு ஆண்டு, வயிற்றுப்போக்குள்ள குழந்தைகளில் ஏறத்தாழ 5 விழுக்காட்டினரிடம் இது இருப்பதையும், அந்த நோய் இல்லாத குழந்தைகளில் அதில் சிறு பங்கினரிடமே இருப்பதையும் புட்ஸ்லர் காட்டினார். கிங்கின் ஐயம் உறுதியாயிற்று. ஆனால் சுழற்றுவதும் வடிகட்டுவதும் ஒரு சாதாரண மாவட்ட மருத்துவமனை அன்றாடம் செய்யக்கூடிய வேலைகள் அல்ல.

அந்தக் கடைசித் தடையை இங்கிலாந்தின் வூஸ்டர் நகர மருத்துவமனையில் மார்ட்டின் ஸ்கிரோ அகற்றினார். குதிரையின் ரத்தத்தைச் சிதைத்துக் கலந்த அகாரில் வான்கோமைசின், பாலிமிக்சின், டிரைமெத்தோபிரிம் என்ற மூன்று ஆன்டிபயாடிக்குகளைச் சேர்த்தார். மூன்றும் வெவ்வேறு வகைக் குடற்கிருமிகளை அடக்கும், காம்பிலோபாக்டரைத் தொடாது. தட்டுகளை 5 விழுக்காடு ஆக்சிஜன் உள்ள கலவையில் 43 டிகிரியில் வைத்தார். வடிகட்டி தேவையில்லை. வயிற்றுப்போக்கோடு வந்த 803 பேரில் 57 பேரிடம், அதாவது 7.1 விழுக்காட்டினரிடம், கிருமி கிடைத்தது. வயிற்றுப்போக்கு இல்லாத 194 பேரில் ஒருவரிடமும் கிடைக்கவில்லை. பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 1977 ஜூலையில் இது வெளியானபின், பல நாட்டு ஆய்வகங்களும் அந்தத் தட்டைத் தயாரித்தன. தயாரித்த இடமெல்லாம் கிருமியைக் கண்டன. இந்த வரலாற்றில் ஸ்கிரோவின் பெருமை, நுணுக்கமான ஒரு வித்தையை எளிய நடைமுறையாக்கியதில் இருக்கிறது. ஒரு நோய் ஒரு நாட்டின் புள்ளிவிவரத்தில் ஏறுவது, அதைக் கண்டுபிடித்த மேதையின் மேசையில் அல்ல. நூறு சிற்றூர் ஆய்வகங்களின் அன்றாட வேலையில்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் மேற்கு நாடுகளில் கோழிக்கறி உண்பது பல மடங்கு பெருகியது. ஆயிரக்கணக்கில் ஒரே கொட்டகையில் வளர்த்து, இயந்திர வரிசையில் அறுக்கும் தொழில் வந்தது. ஆகவே நோயே புதிதாகப் பெருகியிருக்கலாமே, முறைக்கு ஏன் இவ்வளவு பெருமை என்று கேட்கலாம். நோய் ஓரளவு பெருகியிருக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் கொட்டகைக் கோழிகள் தோன்றுவதற்கு முன்பே எஷெரிக் அந்தச் சுருள்களைக் கண்டிருக்கிறார். 1938இல் பால் வழியே 350க்கும் மேற்பட்டோரை அது வீழ்த்தியிருக்கிறது. மேலும் 1970களின் இறுதியில் ஒன்றுக்கொன்று வேறான உணவுப் பழக்கம் கொண்ட நாடுகள் சில ஆண்டுகளுக்குள் ஒன்றன்பின் ஒன்றாக இதைக் கண்டன. கோழித்தொழில் எல்லா நாடுகளிலும் ஒரே காலத்தில் பெருகவில்லை. ஆனால் ஸ்கிரோவின் தட்டு எல்லா நாடுகளுக்கும் ஏறக்குறைய ஒரே காலத்தில் போய்ச் சேர்ந்தது. ஸ்கிரோவும் தம் கட்டுரையின் தலைப்பில் ‘புதிய’ என்ற சொல்லை மேற்கோள் குறிக்குள்தான் இட்டார்.

ஆக்சிஜனால் வாழும் உயிரை அதே ஆக்சிஜன் ஏன் கொல்கிறது? விடை இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று கிருமியின் உள்ளே: அதன் வளர்சிதைமாற்றத்தின் சில முக்கிய நொதிகள் இரும்பும் கந்தகமும் கூடிய அமைப்பைக் கொண்டவை, மிகுந்த ஆக்சிஜன் அவற்றைச் சிதைத்துவிடும். அதே சமயம், மரபணுவின் செங்கற்களைத் தயாரிக்கும் அதன் நொதிக்கு ஆக்சிஜன் இன்றியமையாதது. அதனால்தான் முற்றிலும் காற்றற்ற இடத்திலும் அது பெருகுவதில்லை. இன்னொரு விடை கிருமிக்கு வெளியே, நாம் தயாரிக்கும் ஊடகத்தில் இருக்கிறது. வெளிச்சத்திலும் காற்றிலும் வைத்த ஊடகத்தில் ஹைட்ரஜன் பெராக்சைடும் சூப்பர்ஆக்சைடும் தாமாகவே உண்டாகின்றன என்பதை அமெரிக்காவில் ஹாஃப்மன், கிரீக், ஸ்மைபர்ட் ஆகியோர் 1970களின் இறுதியில் விளக்கினர். கிருமியை வளர்க்க வைத்த உணவே அதற்கு நஞ்சாகிக்கொண்டிருந்தது! இந்த நஞ்சுகளைத் தணிக்க இரும்பு சல்ஃபேட், சோடியம் மெட்டாபைசல்ஃபைட், சோடியம் பைருவேட் என்ற மூன்றின் கூட்டை 1978இல் அவர்கள் குழு அறிமுகப்படுத்தியது. அதே வேலையை ரத்தமும் செய்கிறது, கரித்தூளும் செய்கிறது. இங்கிலாந்தின் பிரஸ்டன் பொதுச்சுகாதார ஆய்வகத்தில் எரிக் போல்டனும் தோழர்களும் 1984இல் ரத்தமே இல்லாமல் கரித்தூள் கலந்த ஊடகத்தை உருவாக்கினர்; சிறு திருத்தங்களோடு அதுவே இன்றும் உலகெங்கும் கோழிக்கறிச் சோதனையின் முதன்மைத் தட்டு.

மலத்துக்கு வகுத்த முறையை அப்படியே இறைச்சிக்கு மாற்ற முடியாது. நோயாளியின் மலத்தில் கிருமி ஏராளமாகவும் நல்ல நிலையிலும் இருக்கும். அறுத்த கோழியின் தோலிலோ அது வெந்நீரையும் குளிர்பதனத்தையும் காற்றையும், சில சமயம் உறைநிலையையும் தாண்டி வந்திருக்கும், எண்ணிக்கையும் குறைவு. அடிபட்ட கிருமியின் மேலுறை பழுதாகியிருப்பதால், நல்ல நிலையில் அது தாங்கிக்கொள்ளும் ஆன்டிபயாடிக்குகூட அப்போது அதைக் கொன்றுவிடும். அதனால்தான் 25 கிராம் இறைச்சியை முதலில் போல்டன் ஊட்டநீர்மத்தில் இட்டு, குறைந்த ஆக்சிஜனில், 37 டிகிரியில் 4 முதல் 6 மணி நேரம் இளைப்பாறவிட்டு, பிறகே 41.5 டிகிரிக்கு மாற்றி 44 மணி நேரம் வைக்கிறார்கள். அதிலிருந்து கரித்தூள் தட்டுக்கு மாற்றி மீண்டும் 44 மணி நேரம். சாம்பல் நிறத்தில் தட்டையாக ஈரம் பரந்தாற்போல் வரும் திட்டுகளை எடுத்து, திருகாணிபோல் சுழன்று நீந்துகிறதா என்று நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். ஆக்சிடேஸ் சோதனை செய்கிறார்கள். சாதாரணக் காற்றில் 25 டிகிரியில் அது வளரக்கூடாது என்பதையும் உறுதிசெய்கிறார்கள். எந்தக் குணத்தால் இந்தக் கிருமி ஒரு நூற்றாண்டு மறைந்திருந்ததோ அந்தக் குணமே இங்கே அதன் அடையாளச் சான்றாகிறது.

இந்த முறைக்கும் காலம் ஒரு சோதனை வைத்தது. போல்டன் நீர்மத்தில் கூட்டத்தை அடக்கும் மருந்துகளில் ஒன்று செஃபோபெராசோன். அத்தகைய மருந்துகளைச் சிதைக்கும் நொதி பெற்ற ஈ. கோலை வகைகள் ஐரோப்பியக் கோழிகளில் பரவியபோது, அவை அந்த நீர்மத்தில் தாராளமாகப் பெருகிக் காம்பிலோபாக்டரை மூடி மறைத்தன. கோழியில் கிருமி இருந்தது; அறிக்கை இல்லை என்றது. ஆகவே ஐஎஸ்ஓ 10272 என்ற உலகத் தர நடைமுறை 2017இல் திருத்தப்பட்டு மூன்று வழிகளாகப் பிரிந்தது. கிருமிகள் குறைவாகவும் அடிபட்டும் இருக்கக்கூடிய சமைத்த, உறைந்த உணவுகளுக்குப் போல்டன் நீர்மம். பிற கிருமிகள் மலிந்த பச்சைக் கறிக்குப் பாலிமிக்சின் கலந்த பிரஸ்டன் நீர்மம். கோழிக்குடல் எச்சம் போல காம்பிலோபாக்டர் மிகுந்தவற்றுக்கு நேரே தட்டு. பண்ணையில் நிகழும் மாற்றம் ஆய்வகத்தின் தட்டைக் குருடாக்க முடியும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. ஒரு முறையை ஒருமுறை வகுத்துவிட்டு அப்படியே நம்பிக்கொண்டிருக்க முடியாது.

நன்றாக வேகவைத்தால் சாகும் கிருமிக்கு இத்தனை பாடு தேவையா என்பது அடுத்த மறுப்பு. வேகவைத்தால் அது சாகும், உண்மைதான். ஆனால் பச்சைக் கோழியைக் கழுவும்போது தெறிக்கும் நீரும், அதை நறுக்கிய பலகையும் கத்தியும், பிறகு அதே பலகையில் அரியும் வெங்காயமும் வேகவைக்கப்படுவதில்லை. எத்தனை கிருமி போதும் என்பதை 1981இல் ராபின்சன் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் தம் உடலிலேயே சோதித்தார்: பாலில் கலந்த ஏறத்தாழ 500 கிருமிகளை விழுங்கினார், நோயுற்றார். கோழிதான் காரணமா என்ற ஐயத்துக்குப் பெல்ஜியமே விடை தந்தது. 1999 ஜூனில், தீவனத்தில் டயாக்சின் கலந்த விவகாரத்தால் நாடு முழுவதும் கடைகளிலிருந்து கோழி அகற்றப்பட்டபோது, பதிவான காம்பிலோபாக்டர் நோய் சுமார் 40 விழுக்காடு குறைந்தது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2008இல் நடத்திய கணக்கெடுப்பில் 75.8 விழுக்காடு கறிக்கோழி உடல்களில் இக்கிருமி இருந்தது. இது குளிர்பதனத்தில் பெருகுவதில்லை என்பதால், அறுக்கும் இடத்தில் உள்ள எண்ணிக்கையே அடுப்படிக்கு வரக்கூடிய உச்ச அளவு. எனவே 2018 ஜனவரி முதல் ஐரோப்பிய ஒன்றியம் கோழியின் கழுத்துத் தோலில் கிராமுக்கு 1000 என்று எல்லை வைத்தது. எடுக்கும் 50 மாதிரிகளில் எல்லையைத் தாண்ட 20 வரை முதலில் அனுமதித்து, 2020இல் 15, 2025இல் 10 என இறுக்கியது. எண்ணத் தெரிந்த பின்பே குறைக்கும்படி கேட்க முடிந்தது.

மூன்றாவது மறுப்பு நம் பக்கத்திலிருந்து வருவது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ராஜனும் மாத்தனும் 1982இல் வெளியிட்ட ஆய்வு, தென்னிந்தியாவில் நோயின்றி நலமாக இருப்போரிடமும் இக்கிருமி இருப்பதைக் காட்டியது. பிரசல்சிலும் வூஸ்டரிலும் நோயாளிகளிடமே பெரும்பாலும் கிடைத்தது இங்கே நலமானவர்களிடம் கிடைத்தால், அதை நோய்க்கிருமி என்பது எப்படி என்று கேட்கலாம். சிறுவயதிலேயே மீண்டும் மீண்டும் இக்கிருமியைச் சந்திக்கும் இடங்களில் உடல் எதிர்ப்பாற்றலைப் பெற்றுவிடுகிறது. வளர்ந்தபின் கிருமி வந்தாலும் நோய் தலைகாட்டுவது குறைகிறது என்பதே இதற்குப் பொருத்தமான விளக்கம். அந்த எதிர்ப்பாற்றலுக்கு விலை கொடுப்பவர்கள் கைக்குழந்தைகள். மேலும், அதே காற்று, அதே தட்டு என்ற பொது முறை இருந்ததால்தான் வேலூரின் எண்ணையும் வூஸ்டரின் எண்ணையும் அருகருகே வைத்து இந்தக் கேள்வியைக் கேட்கவே முடிகிறது.

கடைசி மறுப்பே இன்று வலுவானது. மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனை வந்துவிட்டது. சில மணி நேரத்தில் விடை தருகிறது. கிருமியின் காற்றும் வெப்பமும் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. பிறகு ஏன் ஐந்தாறு நாள் தட்டுகளோடு போராட வேண்டும்? வளர்ப்புத் தட்டில் தோன்றாத, ஆனால் உயிரோடிருக்கும் கிருமிகள் உண்டு என்பதை ரோலின்சும் ரீட்டா கோல்வெலும் 1986இல் ஓடைநீரில் காட்டினர். ஆகவே தட்டின் தீர்ப்பு முழுமையானதல்ல என்பதை என் வாதமே ஒப்புக்கொள்கிறது. விரைவாகப் பண்ணைகளைப் பிரித்தறிய பிசிஆர் மிகச் சிறந்த கருவி. ஆனால் செத்த கிருமியின் மரபணுவும் அதில் தெரியும். கோழியை உறையவைத்ததால் கிருமி எவ்வளவு மடிந்தது என்று அறிய அது தனியே போதாது. எந்த ஆன்டிபயாடிக் இன்னும் வேலைசெய்கிறது என்று நேரடியாகப் பார்க்க உயிருள்ள கிருமி கையில் இருக்க வேண்டும். அதைவிட முக்கியமாக, பிசிஆர் தேடச் சொன்னதை மட்டுமே தேடும். 2000இல் முதன்முதலாக முழுமையாக வாசிக்கப்பட்ட காம்பிலோபாக்டர் மரபணுத் தொகுதி, 1977இல் ஒரு நோயாளியிடமிருந்து தட்டில் வளர்த்துப் பாதுகாக்கப்பட்ட கிருமியினுடையது. அந்தத் தட்டு இல்லாவிட்டால் தேட வேண்டிய எழுத்துகளே நமக்குத் தெரிந்திருக்காது.

ஒவ்வொரு முறையும் தனக்கே உரிய குருட்டுப் புள்ளியோடுதான் வருகிறது என்பதைக் கேப்டவுன் நிரூபித்தது. அங்குள்ள ரெட் கிராஸ் குழந்தைகள் மருத்துவமனையில் ஆல்பர்ட் லாஸ்டோவிகாவும் சகாக்களும் 1990 முதல் ஆன்டிபயாடிக் கலந்த தட்டைக் கைவிட்டு, பழைய பிரசல்ஸ் வடிகட்டியையே மருந்தில்லாத ரத்தத் தட்டின்மேல் வைத்தனர். ஹைட்ரஜன் மிகுந்த காற்றில், 37 டிகிரியில் வளர்த்தனர். கிடைத்தவற்றில் பாதிக்கும் மேல், இதுவரை நாம் பேசிவந்த காம்பிலோபாக்டர் ஜெஜுனி என்ற இனம் அல்லாத வேறு இனங்கள். அவற்றில் சில, ஸ்கிரோவின் வழிவந்த தட்டுகளின் மருந்தையோ 42 டிகிரி வெப்பத்தையோ தாங்காதவை. ஜெஜுனியைக் காட்டிய முறையே அதன் உறவினரை மறைத்துக்கொண்டிருந்தது. பெர்த்தில் 1982 ஈஸ்டர் விடுமுறையில் வாரனும் மார்ஷலும் இரைப்பைக் கிருமியை வளர்த்ததும் இதே பாடம்தான். காம்பிலோபாக்டருக்கான காற்றில் வைத்து, இரண்டாம் நாளே வீசியெறியும் தட்டுகளை விடுமுறையால் ஐந்து நாள் விட்டுவைத்தபோது, இன்று ஹெலிகோபாக்டர் எனப்படும் கிருமி முளைத்தது.

ஆகவே இறைச்சியின் சோதனை அறிக்கையில் ‘காணப்படவில்லை’ என்று வாசிக்கும்போது, எத்தனை கிராமில், எந்த நீர்மத்தில், எந்தக் காற்றில், எத்தனை மணி நேரம் தேடினார்கள் என்ற கேள்வியையும் உடன் கேட்க வேண்டும். கிராமுக்குப் பத்துக்குக் குறைவாக இருந்தால் நேரடித் தட்டில் அநேகமாகச் சிக்காத கிருமி இது. ஊட்டநீர்மத்தில் இளைப்பாறவிட்டால் சிக்கலாம். ஒரு நாட்டில் இந்த நோய் குறைவு என்று சொல்லும் புள்ளிவிவரத்தைப் பார்த்தாலும், அங்கே எத்தனை ஆய்வகங்கள் இதைத் தேடுகின்றன என்று முதலில் விசாரிக்க வேண்டும். தேடும் ஆய்வகங்களைப் பெருக்காத அரசு, நோய் குறைவு என்று மகிழ உரிமையற்றது. ஆக்சிஜனைக் குறைத்துத் தரும் ஒரு ஜாடியும், மருந்து கலந்த ஒரு தட்டும், சொல்லிக்கொடுக்க ஒரு நல்ல ஆசிரியரும் இருந்தால் இதை மாவட்ட ஆய்வகத்திலேயே செய்யலாம் என்பதை ஸ்கிரோ 1977இலேயே காட்டிவிட்டார். அந்த வசதியைக் கேட்டுப் பெறுவது மருத்துவர்களின், கால்நடை மருத்துவர்களின், கோழிக்கறி உண்ணும் நம் எல்லோரின் கடமை.

அடுத்த இதழில்: பெருங்கொப்பரையில் சமைத்த கறி ஆறும்போது கண்விழிக்கும் குளோஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ்.